மூன்றாம் நாசில்

இரவு ஒன்று நாற்பது.
ஓசூர் சிப்காட், பாய்லர் ஹவுஸ் மேல்தளம்.
திரையில் நைட்ரஜன் ஆக்சைடு
நூற்றுப் பதினெட்டிலிருந்து இருநூற்று ஆறுக்கு
ஏறிக்கொண்டிருந்தது,
வாடகை கேட்க மாடியேறும் வீட்டுக்காரர் போல
நிதானமாக.

நைட்ரஜன் இயல்பில் சும்மா இருக்கும்.
இழுக்கும் மூச்சில் ஐந்தில் நாலு பங்கு அதுதான்,
போன வழியே திரும்பி வந்துவிடும்
உள்ளே ஒன்றையும் தொடாமல்.
இரண்டிரண்டு அணுக்களாக
மூன்று முடிச்சு போட்டுக்கொண்டு வாழ்கிறது.
பர்னர் வாயில்
ஆயிரத்து ஐந்நூறு டிகிரிக்கு மேல்
அந்த முடிச்சு அவிழும்.
(என்னுடையதைத் தருமபுரி கோர்ட்டில் அவிழ்த்தார்கள்.
இவ்வளவு சூடு தேவைப்படவில்லை.)
அவிழ்ந்தது ஆக்சிஜனோடு ஒட்டிக்கொண்டு
புகைபோக்கி ஏறும்.
வெளியே போனபின் பழுப்பாகும்,
மழை கிடைத்தால் அமிலமாகும்,
பாகலூர் ரோட்டில் யாரோ ஒருவருக்கு
இருமலாகும்.

அதை வழியிலேயே மறித்து
மறுபடி முடிச்சுப் போட்டு அனுப்ப
எனக்குச் சம்பளம்.
யூரியாவைத் தண்ணீரில் கரைத்து
நெருப்புக்கு மேலே ஆறு நாசில் வழியாகத் தெளிப்போம்.
எண்ணூற்றைம்பதுக்கும் ஆயிரத்து ஐம்பதுக்கும் நடுவே
ஒரு சின்னச் சன்னல் திறந்திருக்கும்.
அதற்குக் கீழே தெளித்தால்
அம்மோனியா வேலை செய்யாமல் வெளியேறி
கண்ணைக் கரிக்கும்.
மேலே தெளித்தால்
காவலுக்குப் போனவனே கட்சி மாறி
நைட்ரிக் ஆக்சைடாகி நிற்பான்.
சன்னலுக்குள் விழுந்தால் மட்டும்
மிச்சம் வெறும் காற்று, நீராவி,
கொஞ்சம் கரியமிலம்.
பாராட்ட ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாம் நாசில் அடைத்திருந்தது.
முனிரத்தினம் ஸ்பேனரோடு வந்து கழற்றினார்.
முனையில் மஞ்சளாய், பிசுபிசுப்பாய் ஏதோ.
டேங்க் மூடியைத் திறந்தேன்.
கசப்பான வாசனை.
சுத்த யூரியாவுக்கு அது கிடையாது.

வயலுக்குப் போகிற யூரியாவில்
வேப்பெண்ணெய் பூசுகிறார்கள்.
மெல்லக் கரைய வேண்டும் என்பது ஒரு காரணம்.
எங்களைப் போன்றவர்கள்
எடுத்துவிடக் கூடாது என்பது இன்னொன்று.

வெள்ளை மூட்டை, சரியான முத்திரை,
சரியான பில், சரியான எடை.
மாற்றியவன் சாக்கை மட்டும் மாற்றினான்,
மணத்தை மறந்துவிட்டான்.

முனிரத்தினம் விரலில் தொட்டு முகர்ந்தார்.
பேரிகை பக்கம் அவருக்கு முக்கால் ஏக்கர் முட்டைக்கோஸ்.
"மூணு நாளு சொசைட்டில நின்னேன் மேடம்.
ஒரு மூட்டைதான், அதுவும் ஆதார் காட்டி."
அதற்குமேல் பேசவில்லை.
கீழே கோடவுனில்
நாற்பத்திரண்டு மூட்டைகள் அடுக்கியிருந்தன.

நிறுத்தலாம். நிறுத்தினால்
விடியும்வரை முடிச்சவிழ்ந்த காற்று
ஊர்மேல் போகும்.
ஓட்டலாம். ஓட்டினால்
அவருடைய முட்டைக்கோஸை
மணிக்கு நாற்பது லிட்டர் வீதம் எரிக்கிறேன்.
இரண்டுக்கும் குறிப்பேட்டில் ஒரே கட்டம்தான்,
தீப்பெட்டி அகலம்.

பர்னரைப் பாதிக்கு இறக்கினேன்.
காற்றையும் கொஞ்சம் குறைத்தேன்.
எண் நூற்று அறுபதில் வந்து முனகிக்கொண்டு நின்றது.
நீராவி போதாமல் டையிங் செக்‌ஷனிலிருந்து
நாலு தடவை போன் வந்தது.
ஐந்தாவது, பர்ச்சேஸ் மேனேஜர்.
இந்த நேரத்தில் அவருக்கு யார் சொன்னார்கள்?

எழுதினேன்:
"2.25. யூரியா கரைசலில் வேப்ப வாசனை.
மூட்டை 42. மாதிரி எடுக்கப்பட்டது.
தெளிப்பு நிறுத்தம். லோடு பாதி."
பெயரும் எழுதினேன், முழுசாக,
இனிஷியலோடு.

நாசிலைச் சுரண்டி
வந்த ஒரு ஸ்பூன் மஞ்சள் பசையை
பாட்டிலில் போட்டு லேபிள் ஒட்டினேன்.
முனிரத்தினம் பாட்டிலையே பார்த்தார்.
"டெஸ்ட் முடிஞ்சு மிச்சமிருந்தா சொல்லுங்க மேடம்.
நாலு செடிக்கு ஆகும்."

சிரித்தாரா தெரியவில்லை.
அப்போது அவர் ஆறாம் நாசிலுக்குள்
தலையை விட்டிருந்தார்.